காத்திருக்கும் குழுவில் விடப்பட்ட என் இளைய மகள்

அனுப்புநர்:
நடத்துனர் எண் 318,
பேருந்துப் பணிமனைக் குடியிருப்பு, மூன்றாம் மாடி.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு குழந்தைகள் மருத்துவமனை.

பொருள்: உடல் சமநிலைக்கான வீடியோ கேம் பயிற்சியில் என் இளைய மகளுக்கு எழுதித் தந்த முறை மறுக்கப்பட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு ஒன்பது வயதில் இரட்டைப் பெண்கள். இருவருக்கும் கை கால்களில் குறையில்லை, அசைவுகள்தான் ஒன்றோடொன்று இசைவதில்லை என்று தங்கள் மருத்துவர்களே எழுதியுள்ளார்கள். சமதரையிலும் விழுவார்கள். பள்ளியில் இருவருக்கும் சேர்த்து 'தடுக்கி' என்று ஒரே பட்டப்பெயர். நான் ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழிப்பவள். என் வயிற்றில் பிறந்தவர்கள் நிற்கத் தடுமாறுவதைப் பார்ப்பது எப்படியிருக்கும் என்று தாங்கள் கேட்கவில்லை, ஆகவே எழுதவில்லை.

2. சென்ற ஜூன் மாதம் தங்கள் மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. குழந்தை ஒரு பலகைமேல் நிற்கும். அது சாயும் பக்கம் டிவியில் ஒரு படகு திரும்பும். பாறையில் மோதாமல் ஓட்ட வேண்டும். யார் எந்தக் குழு என்று சீட்டு வைத்து ஒட்டிய உறைகளைப் பிரித்துப் பார்த்ததில் மூத்தவள் விளையாடும் குழுவிலும் இளையவள் காத்திருக்கும் குழுவிலும் வந்தார்கள். இருவரையும் ஒன்றாகப் போடும்படி கேட்டேன். "கவர்ல வந்தது வந்ததுதாம்மா. பன்னெண்டு வாரம் முடியட்டும், அடுத்து இவளுக்குத்தான்" என்றார் ஆராய்ச்சி மருத்துவர். அதை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். நகல் இணைத்துள்ளேன்.

3. வீட்டில் ஆளில்லாததால் இளையவளையும் கூடவே அழைத்து வந்தேன். கதவுக் கண்ணாடி வழியே பார்த்து, அக்காள் சாயும்போதெல்லாம் வராந்தாவில் இவளும் சாய்ந்தாள். இரண்டாம் வாரம் அந்தக் கண்ணாடியில் பழுப்புத் தாள் ஒட்டப்பட்டது. "பாத்துப் பழகிட்டான்னா கணக்கு தப்பாயிடும்" என்று காரணம் சொல்லப்பட்டது. மீதிப் பத்து வாரமும் அவள் பெஞ்சில் உட்கார்ந்து தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அக்காள் சிரிப்பது வெளியே கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

4. முடிவில் ஒற்றைக் காலில் நிற்கவைத்து அளந்தார்கள். மூத்தவள் நான்கு நொடியிலிருந்து பத்தொன்பதுக்கு வந்திருந்தாள். இளையவள் முதலிலும் நான்கு, கடைசியிலும் நான்கு. மூத்தவளை மேடையேற்றிப் படம் எடுத்தார்கள், தாங்களும் கைதட்டினீர்கள். என் பெண் சுவரைப் பிடிக்காமல் படியிறங்கினாள், அந்த நன்றியை மறக்கமாட்டேன். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இளையவளின் அந்த நான்கு இல்லாவிட்டால் பத்தொன்பதுக்கு என்ன மதிப்பு ஐயா? மேடையில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

5. இளையவளின் முறை வந்தபோது அறை பூட்டிக்கிடந்தது. மருத்துவர் மாற்றலாகிப் போய்விட்டார். பலகை தங்கள் கூட்ட அறையில், வருவோர் பார்ப்பதற்காகக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. ஷிப்ட் மாற்றிக்கொண்டு ஐந்து முறை வந்தேன். ஐந்தாம் முறை அலுவலக எழுத்தர், "ஆராய்ச்சி முடிஞ்சுபோச்சு. ஒண்ணுக்காவது சரியாச்சேன்னு சந்தோஷப்படுங்க" என்றார். அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்க வாய்வரை வந்தது. 

6. சில நாட்களாக மூத்தவள் குடியிருப்புப் படிகளில் மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். கிடைத்ததும் போயிற்றோ என்று பயந்து, தனியே கூப்பிட்டு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். அசையாமல் நின்றாள். பிறகு ஏன் பிடிக்கிறாய் என்று கேட்டேன். "நான் பிடிக்காம இறங்கினா அவ மேலேயே நின்னுடறாம்மா" என்றாள்.

ஆகவே ஐயா, அந்தப் பலகையை அலமாரியிலிருந்து எடுத்து, வாரம் மூன்று நாள் வீதம் பன்னிரண்டு வாரம் இளையவளை அதில் ஏற்றிவிட உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். யார்மீதும் நடவடிக்கை கோரவில்லை. முடியாது என்றால் அதை எழுத்தில் தர வேண்டும். அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்ப வேண்டாம், அவள் பெயருக்கே அனுப்புங்கள். நான்காம் வகுப்பு படிக்கிறாள். எளிய தமிழில் எழுதினால் தானே படித்துக்கொள்வாள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
நடத்துனர் எண் 318

நாள்: பிப்ரவரி 9
இடம்: பணிமனைக் குடியிருப்பு

இணைப்பு: மருத்துவர் கையொப்பமிட்ட தாளின் நகல்