அக்கா கொண்டுவந்த கைடு

நவ. 9, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. பிரஸ்ஸிலிருந்து அக்கா இன்னொரு கட்டுத் தாள் கொண்டுவந்தாள். பைண்டிங் பிரிவில் வேலை அவளுக்கு. கணக்கு கைடு அச்சாகும்போது வேஸ்ட் என்று ஒதுக்குவதைக் கேட்டு வாங்கி வருகிறாள். புதுசு வாங்க வழியில்லை. மடித்து, வெட்டி, தைத்தேன். சில பக்கம் இல்லை. பரவாயில்லை.

டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் அரியர். புதன் பரீட்சை. ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் மறுபடி ஆள் எடுக்கிறார்களாம். அப்பா சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் போச்சுன்னா எங்கூட கம்பெனி வேன்ல ஏறிரு, தாயி." எரிச்சலாக வந்தது. பயமும்.

நவ. 10
மனப்பாடம், மனப்பாடம். காலேஜ் மேடம் சொன்னதுதான்: "கைடுல இருக்க மாதிரியே வரி மாறாம எழுதுங்க. சொந்தமா யோசிச்சுக் குழப்பிக்காதீக."

நாலாம் பாடம், பெரிய கணக்கு. ஒன்றில் நாலு போனால் மைனஸ் மூன்று. தாளில் வெறும் மூன்று. கூடப் படிக்கிற ஜோதிக்குப் போன் போட்டேன். பஸ்ஸில் இருந்தாள், கைடு கையில் இல்லை. "அச்சடிக்கிறவுக தெரியாமயா போட்டுருப்பாக? ஏதாச்சும் ரூல் இருக்கும்டி." இருக்கும்.

ரேஷனுக்குப் போக மறந்தேன். அம்மாவிடம் திட்டு.

நவ. 12
வந்தது, அதே கணக்கு. முதலில் தானாகவே மைனஸ் மூன்று என்று எழுதி முடித்தேன். அப்புறம் தாள் ஞாபகம் வந்தது. அடித்துவிட்டு மூன்று போட்டு முழுதும் திரும்ப எழுதினேன். அதிலேயே நேரம் போய்விட்டது. கடைசி இரண்டைத் தொடவே இல்லை.

வெளியே ஜோதி தன் கைடைப் பிரித்தாள். மைனஸ் மூன்று. பாஸாக மாட்டேன்.

அந்தத் தாளை ஏன் ஒதுக்கினார்கள் என்று வீட்டில் அக்காவிடம் கேட்டேன். "என்னமோ தப்புன்னு பாதியில மிஷின நிப்பாட்டி அச்சுப் பிளேட்ட மாத்துனாக. அதாம் அம்புட்டுத் தாளு கெடச்சுது." சிரிக்கிறாள். அவளை என்ன சொல்ல? கல்லூரியில் கணக்குப் படிக்கிறேன், ஒன்றில் நாலு கழிக்க என்னை நான் நம்பவில்லை. வெட்கமாக இருக்கிறது.

"கணக்கு வந்துச்சாடி?"
"ஒந் தாள்லருந்தே வந்துச்சுக்கா." பொய் இல்லை.

அவள் அடுப்படியிலிருந்தே கத்தினாள்: "யப்பா, பாஸாயிருவா!"

அப்பா கை கழுவிவிட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு முகத்தில் சிரிப்பு. "அப்பச் சரி. நம்ம பிள்ள வரலன்னு வேன்காரன்ட்ட நாளைக்கே சொல்லிர்றேன்."

சொல்லாதீங்கப்பா என்று வாய்வரை வந்தது. சோற்றை விழுங்கினேன்.