மச்சான் கேட்ட பச்சை மிஷின்

மார்ச் 12, செவ்வாய்

மூன்று மாதம் உட்கார்ந்து நான் பழுது பார்த்து, இரவல் கொடுத்திருந்த புல்வெட்டும் மிஷினைக் கீரப்பாளையத்து மச்சான் இன்று திருப்பிக் கொண்டுவந்தான். இன்ஜின் இறுகிப்போயிருந்தது. பெட்ரோலில் ஆயில் கலக்கும்படி டாங்க் மூடியிலேயே எழுதி ஒட்டியிருந்தேன்.

"ஆயில் ஊத்துனா பொகையா வருது மாமா, அதான் ஊத்தல. ஒங்ககிட்ட இன்னொரு புல்வெட்டி, அந்தப் பச்ச மிஷினு சும்மாத்தான கெடக்கு? காலைல வந்து எடுத்துக்கறேன்."

புகைக்குப் பயந்து இன்ஜினையே கொன்ற மேதை. அவனிடம் நான் சரியென்று தலையாட்டினேன்.

அவன் போனதும் பச்சை மிஷினின் நல்ல ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, செத்துப்போன பிளக் ஒன்றை மாட்டினேன். தர முடியாது என்று சொல்ல எழுபத்திரண்டு வயதிலும் எனக்கு வாய் வரவில்லை. காலையில் அவன் ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்ப்பான்; மிஷின் கிளம்பாது. நானும் பக்கத்தில் குனிந்து நின்று, என்ன கோளாறோ என்பேன்.