முனியப்பன் சேவல்

மாரிகுப்பம்
பிலவங்க வருஷம், மாசி மாதம்

நெட்டால் தேசத்து நிலக்கரிச் சுரங்கத்தில் இருக்கும் என் மகன் முனியப்பனுக்கு உன் நைனா தசரதன் எழுதுவது. இங்கே நானும், உன் தங்கை பார்வதம்மாவும் அவள் வீட்டாரும், வெள்ளாடும் அதன் குட்டியும், கோழிகளும் முனீஸ்வரன் புண்ணியத்தில் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும், நான் கண்ணால் பார்க்காத என் மருமகளும், பேத்தி கங்கம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்களா என்று கேட்கத்தான் இந்தக் காகிதம் கடல் தாண்டி வருகிறது.

எழுத்தைப் பார்த்துவிட்டு யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று தூக்கிப் போட்டுவிடாதே. ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி சுரங்கத்து ஷாஃப்டுக்குள் ஆளை ஏற்றிய கேஜ் இறங்குகிற மாதிரி இறங்குகிறது, சில எழுத்து பூசணிக்காய் அளவு, சில எழுத்து கடுகு. மன்னித்துக்கொள். இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் ராபர்ட்சன்பேட்டையில் மரியகுழந்தை என்பவர் எழுதிக் கொடுத்தது. இது நானே எழுதுகிறேன் முனியப்பா. நானே. பக்கத்து லைன் வீடுகளில் லூயிசா என்று ஒரு அம்மாள், மிஷன் பெண் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பவள், ஆனி மாதம் தொடங்கி சாயங்காலங்களில் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள், பதிலுக்கு முட்டை வாங்கிக்கொண்டாள். முதல் நாள் என் சிலேட்டைப் பார்த்துவிட்டு, இன்னா தாத்தா, சிலேட்டு மேல கோழிய மேய வுட்டுட்டீங்களா என்று கேட்டாள். எனக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு. இப்போது கடைத்தெருவுக்குப் போனால் கடைப் பலகைகளையெல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போகிறேன். பார்வதம்மாவுக்கு வெட்கம், வாய மூடிக்கினு வா நைனா, எல்லாம் நம்மளையே பாக்கறாங்க என்கிறாள். பார்க்கட்டுமே. இத்தனை வருஷம் அந்தப் பலகைகள் என்னைப் பார்த்தன, இப்போதுதான் நான் அவற்றைப் பார்க்கிறேன்.

போன கடிதத்தில் மருமகள் இரண்டு கோழி வாங்கியதாகவும், அடைக்கு வைத்த முட்டை அத்தனையும் கூமுட்டையாகப் போனதாகவும் எழுதியிருந்தாய். முட்டை போனது வருத்தம்தான், ஆனால் அத்தனை தூரம் போயும் வீட்டுக்குப் பின்னால் உனக்குக் கோழிச் சத்தம் கேட்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். மருமகளிடம் சொல், கூடையைத் தரையில் வைக்கக் கூடாது. வெளியூர்களில் இடி இடித்தால் முட்டை கெடும் என்று கூடைக்குள் ஒரு இரும்புத் துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் போடுவார்கள். நமக்கு இடி வானத்தில் மட்டும் இல்லை, சுரங்கத்தில் வெடி வைத்தால் மண்ணுக்கு அடியிலிருந்து வருகிறது, அடுக்குப் பானையே ஆடுகிறது. உங்கள் ஊரிலும் அப்படித்தானே இருக்கும். அதனால் உன் அம்மா மணல் பரப்பிய கூடையை உறி கட்டி விட்டத்திலிருந்து தொங்கவிடுவாள், பூமி ஆடினாலும் கூடை ஆடாது. கோழி இறங்கித் தின்றுவிட்டு ஏற ஒரு சாய்ந்த கட்டை போதும். குஞ்சு பொரித்ததும் சாம்பலில் புரளவிடு, பேன் பிடிக்காது. இங்கே பொன் எடுத்த பிறகு கொட்டுகிற வெள்ளை மணல் மேட்டுத் தண்ணீரைக் குடித்து இரண்டு பெட்டைகள் அங்கேயே சுருண்டுவிட்டன. உங்கள் பக்கமும் சுரங்கத்துத் தண்ணீர் தேங்கினால் கோழியை அண்டவிடாதே.

இனி எழுதப்போவதற்காகத்தான் நான் எழுத்தே கற்றுக்கொண்டேன். உன் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள் என்று மரியகுழந்தை எழுதிக் கொடுத்தார். அது பொய்யில்லை. ஆனால் அவள் மனதில் வைத்துக்கொண்டு போனதை, கடைவாசலில் நாலு பேர் காத்து நிற்கும்போது, இன்னொருவருக்கு எப்படிச் சொல்லி எழுதச் சொல்வது. வாய்க்கு வரவில்லை. கைக்கு வரட்டும் என்று விட்டேன்.

நீ கப்பலுக்குப் போன அதே வாரம் உன் அம்மா முனீஸ்வரனுக்கு ஒரு செஞ்சேவலை நேர்ந்துவிட்டாள். நீ நல்லபடியாகத் திரும்பி வந்தால் அதை அறுத்துப் படைப்பதாக வேண்டுதல். மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் சேவல் உடம்பை உதறினால்தான் சாமி ஒப்புக்கொண்டதாக அர்த்தம், அது உனக்குத் தெரியும். அன்றைக்கு அது தண்ணீர் பட்டதுமே உதறிற்று. கால் நகத்தைக் கிள்ளி அடையாளம் வைத்து விட்டோம். நேர்ந்த சேவலை விற்கவும் முடியாது, யாரும் கல்லெடுத்து அடிக்கவும் மாட்டார்கள், அது லைன் முழுக்க ராஜா மாதிரி திரிந்தது. அதற்கு உன் பெயரே நின்றுவிட்டது. கேழ்வரகு காயவைக்கும் பக்கத்து வீட்டு ஜெயம்மா உன் அம்மாவைப் பார்த்து, கங்கம்மா, உன் முனியப்பன் என் கேவுருல வாய வெச்சுட்டான், வந்து இட்டுக்கினு போ என்று கத்துவாள். துன்னட்டும் வுடு ஜெயம்மா, பசியோட கீறான் என்பாள் உன் அம்மா. பொழுது சாய்ந்தால் வாசலில் நின்று, முனியப்பா, வாடா, இருட்டிப்போச்சு என்று கூப்பிடுவாள். ஷிஃப்டு முடிந்து வருகிறவர்களில் அந்தப் பெயர்க்காரன் யாராவது இருந்தால் திரும்பிப் பார்ப்பான். அவளும் அவன் முகத்தை ஒரு தரம் பார்ப்பாள்.

ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்த சமயத்தில் உன்னோடு போன ராஜப்பா திரும்பி வந்தான். வந்ததும் நம் வீட்டுக்குத்தான் வந்தான். அவன் பேரு அடுத்த கப்பலுக்கு எழுதிட்டாங்க அத்தை, பெட்டிகூட கட்டிட்டான், என் கண்ணால பாத்தேன் என்றான். அவன் பார்த்தது நிஜம், நீ மனதை மாற்றிக்கொண்டது அவன் கப்பல் ஏறிய பிறகு, அதனால் ராஜப்பா மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கப்பல் மதராஸுக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் உன் அம்மா நாளைக் கணக்குப் போட்டு, நீ ரயிலில் வந்து இறங்குவாய் என்று அவள் நினைத்த நாள் காலையில் சேவலைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாள். யாருக்காக நேர்ந்ததோ அந்த ஆள் வாயில்தான் முதல் கவளம் போக வேண்டும், நீ வந்து இறங்கும்போது குழம்பு தயாராக இருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். பூசாரி தடுத்தார். புள்ள காலு மண்ணுல படட்டும்மா, அப்பறம் அறுக்கலாம், சேவ எங்க ஓடிடப் போவுது என்றார். அத்தினி தூரத்துலருந்து பசியோட வர்ற புள்ளைய குந்தவெச்சுக்கினு கோழி அறுக்கச் சொல்றியா நீ என்று அவரையே திட்டினாள். அறுத்தார்கள். நானும் கூடத்தான் நின்றேன், எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ரயில் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். இஞ்சினைக் கழற்றித் திருப்பும்வரை நின்றோம். மறுநாளும் போனோம். சட்டியைத் திறக்க அவள் யாரையும் விடவில்லை, சூடு பண்ணிச் சூடு பண்ணி வைத்தாள், கடைசியில் அது கெட்டு, முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தாள். அப்புறம் உன் கடிதம் வந்தது, இன்னொரு ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போட்டதும், தாய் தகப்பன் இல்லாத பெண்ணைக் கட்டிக்கொண்டதும், அவள் முழுகாமல் இருப்பதும் அதில் இருந்தன. நீ செய்தது தப்பென்று நான் நினைக்கவில்லை. உன் அம்மாவும் நினைக்கவில்லை. லைன் முழுக்க சர்க்கரை கொடுத்தாள். ஆனால் அன்றைக்குப் படுக்கும்போது என்னிடம் சொன்னாள், முன்பணம் வாங்கின மேஸ்திரி வேலைக்கு வருவானாய்யா, சாமிக்கு நான் கூலிய முன்னாடியே குடுத்துட்டேன், அப்பறம் அது இன்னாத்துக்கு என் புள்ளைய இட்டுக்கினு வரணும் என்று. முனீஸ்வரன் மேஸ்திரி இல்ல கங்கா என்று எத்தனையோ தரம் சொன்னேன். காதில் ஏறவே இல்லை. உன்னை வரவிடாமல் பண்ணினது தன் அவசரம்தான் என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே வேலை. மறுபடி ஒரு செஞ்சேவல் வேண்டும், வெள்ளை இறகு ஒன்றுகூட இருக்கக் கூடாது. அடை மேல் அடை வைத்தாள். கறுப்பு வந்தது, சாம்பல் வந்தது, புள்ளி வந்தது. சிவப்பாக ஒன்று வந்தால் வளர்ந்து பெட்டையாக நின்றது. அது முட்டையிட்டால் மற்றவர்களுக்கு மகிழ்ச்சி, இவள் தலையில் கை வைத்துக்கொள்வாள். குழந்தைக்குத் தன் பெயரை வைத்திருக்கிறாய் என்று கேட்டபோது மட்டும் ஒரு முழு நாள் கோழியை மறந்திருந்தாள். காய்ச்சல் கண்டு பேச்சு குழறுவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, செவப்பு சேவ ஒண்ணு வளத்து திரும்ப நேர்ந்துக்கோ, இந்த தபா அவன் காலு மண்ணுல படற வரைக்கும் அறுக்காதயா என்றாள். சரி என்றேன். வேறென்ன சொல்வேன்.

அவள் போன பிறகு பொரித்த முதல் அடையிலேயே அந்தச் சிவப்புச் சேவல் வந்தது. அவள் இருந்து பார்க்கவில்லை. பருந்துக்கும் கீரிக்கும் காட்டாமல் வளர்த்தேன், என் சோற்றிலிருந்து கொடுத்தேன். போன தை மாதம் அது நன்றாக நின்று கூவ ஆரம்பித்ததும் கோயிலுக்குக் கொண்டுபோனேன். அந்த ரயில் நாளிலிருந்து ராஜப்பா நம் வாசல் பக்கம் வருவதையே விட்டிருந்தான், அன்றைக்கு அவனாகவே வந்து சேவலைத் தான் தூக்கிக்கொண்டான். பூசாரி என்ன வேண்டுதல் என்று கேட்டார். என் மகன் திரும்பி வர வேண்டும் என்றேன். தண்ணீர் தெளித்தார். சேவல் அசையவில்லை. திரும்பத் தெளித்தார். கல் மாதிரி நின்றது, கொண்டையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, கண்ணை மட்டும் மூடித் திறக்கிறது. ராஜப்பா என் காதருகில், ஒரு சொம்பு முழுசா ஊத்தச் சொல்லு மாமா, நனஞ்ச கோழி ஒதறாம எங்க போயிடும் என்றான். பூசாரி காதில் விழுந்துவிட்டது. சாமிகிட்டயே போங்கு ஆட்டமா என்று சொம்பைக் கீழே வைத்துவிட்டார்.

அங்கே நின்றபோது எனக்கு ஒன்று தோன்றிற்று மகனே. நீ இங்கே வந்து இறங்கினால், அங்கே ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் உன் வழியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு வரலாம், ஆனால் இங்கே உனக்கு என்ன இருக்கிறது, இருமல் பிடித்த என்னையும் இந்தத் தகரக் கூரையையும் தவிர. உன் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு என் தலைமேல் இருக்கிறது, அதை மீறுகிறோம் என்று தெரிந்தேதான் வாயைத் திறந்தேன். அவன் கீற எடத்துலயே அவனும் அவன் பொண்டாட்டி புள்ளையும் நல்லா இருக்கணும், அவ்ளோதான் சாமி என்றேன். யாரும் தண்ணீரைத் தொடவில்லை. சேவல் கழுத்திலிருந்து வால்வரை உதறிற்று, தண்ணீர் என் முகத்தில் அடித்தது. ஒத்துக்கிச்சு என்றார் பூசாரி. ராஜப்பா அங்கேயே குந்தி அழுதான். சாமிதானா, காற்றா, ஈரம் தாங்காத கோழியா, எனக்குத் தெரியாது. இந்த வேண்டுதலுக்குக் காத்திருக்க வேண்டியது எதுவும் இல்லை, நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்று உன் கடிதமே சொல்கிறது. அங்கேயே அறுத்தோம்.

வீட்டில் சமைத்து உன் பெயருக்கு ஒரு இலை போட்டேன். முதல் கவளத்தை யார் எடுப்பது என்று ராஜப்பா கேட்டான். அவனைப் பெற்றவன் நான், நான் எடுத்தால் அவன் எடுத்த மாதிரி என்று சொல்லி உன் இலையில் நானே உட்கார்ந்து சாப்பிட்டேன். மிச்சம் வைக்கவில்லை. லூயிசாவுக்குக் கொஞ்சம் அனுப்பினேன், சாமிக்கு அறுத்தது எங்களுக்கு ஆவாது தாத்தா, நீங்க வழக்கம்போல முட்டையே குடுங்க என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஆகையால் முனியப்பா, இங்கே உன் பெயரில் எந்த வேண்டுதலும் பாக்கி இல்லை. உன்னால்தான் அம்மா போனாள் என்று ஒரு நாளும் நினைக்காதே, தன்னாலே நீ வராமல் போனாய் என்று அவள் நினைத்தது எவ்வளவு பொய்யோ, இதுவும் அவ்வளவு பொய். வர வேண்டும் என்று ஆசை வந்தால் வா, நேர்த்திக்காக வராதே. நான் இப்போதெல்லாம் ரயிலடிக்குப் போவதில்லை என்று எழுதலாம் என்று நினைத்தேன். பொய் எழுத இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

முனீஸ்வரன் உங்கள் மூன்று பேரையும் காப்பான். உன் அம்மா இருந்திருந்தால் குழந்தைக்கு நெற்றி வழித்து திருஷ்டி கழித்திருப்பாள், அதை எனக்காக மருமகள் செய்யட்டும். கூடையை உறியில் கட்ட மறக்க வேண்டாம். குஞ்சு பொரித்தால் முதலில் வந்தது என்ன நிறம் என்று எழுது, எந்த நிறமாக இருந்தாலும் சரி. உன் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வாரமே நான் மறுபடி எழுதுவேன்.

இப்படிக்கு
உன் நைனா
தசரதன்