என்ஜின் சாவி எங்கே?

எண்ணூர் படகுத்துறை
3.2.2025

ஹில்டாவுக்கு,

போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். அதனால்தான் இந்தப் பேப்பரும் பேனாவும். புருஷனோடு கோபித்துக்கொண்டு ராயபுரத்தில் உன் அம்மா வீட்டுக்குப் போனாய், சரி, இரு. என்ஜின் சாவியை எதற்குத் தூக்கிக்கொண்டு போனாய்?

பாய்மரப் படகென்றாலும் பாய் விரிப்பதெல்லாம் நடுக்கடலில். துறையை விட்டு வெளியே வர என்ஜின் வேண்டும், உனக்கே தெரியும். மார்ச் போனால் காற்று மாறிவிடும். நம் அந்தமான் பயணம் அவ்வளவுதான். இந்தப் பழைய படகை ஆறு வருஷம் உயிரைக் கொடுத்துப் பழுது பார்த்தவன் நான். கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் செங்குட்டுவன்கூடக் கேட்கிறான், "இன்னா நைனா, போட்டு இன்னும் இங்கியே கீது?"

சாவியை அனுப்பி வை.

பென்னி

ராயபுரம்
7.2.2025

செங்குட்டுவனின் நைனாவுக்கு,

சாவியை நான் கொண்டுவரவில்லை. எப்போதும் மாட்டுகிற இடத்தில் மாட்டியிருக்கிறேன். குனிந்து பாருங்கள். அது கிடைக்காமல் வேறு எந்த வழியிலும் என்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

உயிரைக் கொடுத்தீர்களாக்கும்! மரத்துக்கு வார்னிஷ் அடித்தீர்கள், போட்டோ எடுத்தீர்கள். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கடை கடையாக ஏறி போல்ட்டு தேடியவள் யார்? என்ஜின் பக்கத்தில் மல்லாந்து கிடந்துவிட்டு, டீசல் நாற்றத்தோடு சர்ச்சுக்குப் பூசைக்குப் போனவள் யார்? பக்கத்தில் உட்கார்ந்த சில்வியா மூக்கைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்குப் படகு பார்க்க வந்தவர்களிடம் நீங்கள் சொன்னது: "எல்லாம் நான் ஒண்டியா செஞ்சது." நான் அவர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டு நின்றேன். அதனால்தான் வந்துவிட்டேன்.

ஹில்டா

எண்ணூர்
12.2.2025

ஹில்டா,

மெத்தைக்கு அடியில், அரிசி டப்பாவில், உன் ஜெபமாலைப் பெட்டியில்கூடப் பார்த்துவிட்டேன். சாவி இல்லை. பொய்க்காரி! நீ இல்லாவிட்டால் படகு நகராது என்று நினைப்பா? டோல்கேட் பக்கம் ஒரு கடையில் சாவியோடு புது ஸ்டார்ட்டர் சுவிட்ச் வாங்கிவிட்டேன். நாளைக்கு நானே மாட்டுகிறேன்.

பென்னி

எண்ணூர்
14.2.2025

ஹில்டா,

என்ஜின் ஸ்டார்ட் ஆனது. பத்தே நிமிஷத்தில் ஒரே புகை. இறுகிப்போய் நின்றுவிட்டது. மெக்கானிக் உள்ளே இறங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "கடல் தண்ணி வர்ற வால்வு மூடிகீதே, பாக்கலியா மாமு? சாவியே அதுலதான் தொங்கிகினு கீது."

அவன் எதிரில் என்னால் தலை தூக்க முடியவில்லை. வேண்டுமென்றே செய்தாய். நீ மனுஷியா?

பென்னி

ராயபுரம்
19.2.2025

பென்னிக்கு,

அந்தத் தண்ணீர்தான் என்ஜினைக் குளிரவைக்கிறது. படகை விட்டுப் போகும்போது வால்வை மூட வேண்டும். மூடினால் சாவியை அதன் கைப்பிடியிலேயே மாட்ட வேண்டும், திறக்காமல் யாரும் ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது என்பதற்காக. ஆறு வருஷமும் அப்படித்தான் செய்தேன். திரும்பி வந்ததும் குனிந்து, வால்வைத் திறந்து, சாவியை உங்கள் கையில் கொடுத்தேன். அது எங்கேயிருந்து வருகிறது என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?

உங்கள் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம். ஆனாலும், நீங்களாக ஒருமுறை அங்கே முழங்கால் போட்டு அந்தச் சாவியை எடுத்தால் திரும்பி வந்துவிடலாம் என்றிருந்தேன். வந்த நாளிலிருந்து பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை.

இன்றைக்குப் பிரித்து, துணியெல்லாம் அம்மா அலமாரியில் அடுக்கிவிட்டேன்.

ஹில்டா