மூன்று விளக்குகளும் ஒன்றாக

2 செப்டம்பர் 2024, சாத்தூர்

இருளாண்டி அண்ணனின் வேனுக்குப் புது டேஷ்போர்டு பொருத்தியாயிற்று. பழையது வயர் பற்றி உருகிவிட்டது. அந்த மாடல் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. கடையில் என்னோடு வேலை பார்க்கும் முஹ்சின் அக்ரிலிக் பலகையை அறுத்துத் தானே செய்தான். கீழ்வரிசையில் மூன்று சிவப்பு எல்.இ.டி. – ஆயில், ஹேண்ட் பிரேக், டீசல். முகப்பு அட்டையை அவன் அக்கா யாஸ்மின் திருத்தங்கல் அச்சகத்தில் அடித்துக் கொடுத்தாள். பட்டாசு கிஃப்ட் பாக்ஸுக்குப் போகும் அதே வெள்ளி அட்டை.

எங்கள் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை முதலாளி சீனிவாசகம் அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "கம்பெனி வண்டி தோத்துரும்லே." பிறகு என்னிடம்: "நீயும் பாத்து வச்சுக்கிடு, புகழு."

பார்த்து வைத்துக்கொள்ள வேண்டுமாம். நான் எம்.எஸ்ஸி. இயற்பியல். அவன் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். பள்ளியில் என் தாளைப் பார்த்து எழுதியவன்.

எழுதும்போதே கூசுகிறது. எழுதியதை அடிக்கவில்லை.

3 செப்டம்பர்

அவன் செய்த டேஷ்போர்டு அழகாகத்தான் இருக்கிறது. அதுதான்.

4 செப்டம்பர்

வேன் திரும்பி வந்துவிட்டது. ஓடும்போது மூன்று விளக்குகளும் சேர்ந்து எரிகின்றனவாம். கடையில் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால் ஒன்றும் எரியவில்லை. முஹ்சின் ஆயில் சுவிட்சை மாற்றினான். எல்.இ.டி. மூன்றையும் மாற்றினான். சாயங்காலம் மறுபடி வந்தது.

"தீபாவளி சீசன் நேரம்லே. பதினாலு பொம்பளைகளை ஏழாயிரம்பண்ணை பட்டாசு ஆலையில எறக்கணும். நான் உன் விளக்கப் பாக்கவா, ரோட்டப் பாக்கவா?" என்றார் இருளாண்டி.

முஹ்சின் தலை குனிந்து நின்றான். எனக்குள் ஏதோ இனித்தது. நான் என்ன பிறவி?

5 செப்டம்பர்

தீபாவளிக்குப் பிறகு திருத்தங்கலில் இன்னொரு கடை. எங்கள் இருவரில் ஒருவர் பொறுப்பு. யார் என்று அண்ணாச்சி சொல்லவில்லை. சொல்லும்போது அவர் கண் வேன் பக்கம் போயிற்று.

6 செப்டம்பர், வெள்ளி

முஹ்சின் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தான். அண்ணாச்சி மதுரையில். நானும் வேனும்.

மீட்டரின் ஒரு முனையை ஆயில் விளக்கிலும் மறு முனையை டீசல் விளக்கிலும் வைத்தேன். கத்தியது, இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதென்று. கத்தக்கூடாது. முனையை அட்டையின் மேலேயே வைத்தேன். அங்கேயும்.

அவ்வளவுதான். இந்த எல்.இ.டி.யின் உலோக வளையமே அதன் எர்த் முனை; ஒவ்வொன்றும் தன் சுவிட்ச் வழியாக மட்டும்தான் எர்த் ஆக வேண்டும். அக்ரிலிக் கரண்டைக் கடத்தாது; அதனால் அட்டை ஒட்டும் முன்பு சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. வெள்ளி அட்டையில் மினுங்குவது அலுமினியத் தாள். அது மூன்று வளையங்களையும் ஒன்றாக்கிவிட்டது. ஒன்று எரிந்தால் மூன்றும் எரியும். இருளாண்டி டீசலைக் கடைசிச் சொட்டுவரை ஓட்டுகிறவர். டீசல் விளக்கு எரியும், கூடவே ஆயிலும். இங்கே வரும்போதெல்லாம் வழியில் டீசல் போட்டுக்கொண்டு வருவார், அணைந்துவிடும்.

பட்டாசுக்கு அட்டைப்பெட்டி அடிக்கும் ஊரில் மட்டும்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும்.

முஹ்சின் தொப்பியை மடித்துப் பையில் வைத்தபடி வந்தான். "என்னலே, எதுவும் தெரிஞ்சுச்சா?"

"இல்ல."

திங்கட்கிழமை அண்ணாச்சி இருப்பார். எல்லோரும் இருப்பார்கள். அப்போது காட்டுகிறேன்.

7 செப்டம்பர்

வேன் டிரிப்புக்கு நடுவே கடை முன் வந்து நின்றது. ஆயில் விளக்கின் மேல் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு. முன்சீட்டில் வரும் குருவம்மாள் ஒட்டியதாம்.

"எந்நேரமும் முழிச்சுக்கிட்டே இருக்கு, சனியன். வெயில் போதாதுன்னு இது வேற" என்றாள். பின்னால் சிரித்தார்கள்.

வாயைத் திறந்தேன். முஹ்சின் பக்கத்தில் நின்றிருந்தான். மூடிக்கொண்டேன். இரண்டு நாள்தானே.

8 செப்டம்பர்

இரண்டு நாள்தானே என்று யார் யாருக்குச் சொல்கிறார்கள்.

9 செப்டம்பர்

காலை ஏழேகால். ஏழாயிரம்பண்ணைக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. ஆயில் பைப் ஒழுகியிருக்கிறது. விளக்கு எரிந்திருக்கும், பொட்டுக்கு அடியில்; மற்ற இரண்டும் எரிந்ததை வழக்கமான கோளாறு என்று விட்டிருப்பார். பெண்கள் நடந்தே போனார்கள்; அதற்குள் ஆலைக் கேட்டை மூடிவிட்டார்கள். யாருக்கும் அடியில்லை. அதை இங்கே எழுதிவைக்கிறேன் – யாருக்கும் அடியில்லை.

கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். எல்லோர் முன்னாலும் மீட்டரை வைத்துக் காட்டினேன். நினைத்தபடியே.

"எப்பக் கண்டுபிடிச்ச?" என்றார் அண்ணாச்சி.

"இப்பத்தான்."

"படிச்ச படிப்பு வீணாகல. திருத்தங்கலுக்கு நீதான்."

முஹ்சின் என் தோளில் கை வைத்தான். "நல்லவேளைலே. நான் ஆயுசுக்கும் சுவிட்சையே மாத்திக்கிட்டு கெடந்திருப்பேன்." பிறகு இருளாண்டியிடம் போனான். "அண்ணே, அட்டை என் தப்பு. இன்ஜினை நான் எறக்கிச் சரிபண்ணித் தாரேன்."

நேராகப் போய்ச் சொல்லிவிட்டான். எப்படி முடிகிறது? இதற்கும் பொறாமை.

13 செப்டம்பர்

இருளாண்டியின் டிரிப்பை வேறு வண்டி எடுத்துக்கொண்டது. சீசன் முழுக்க.

15 செப்டம்பர், ஞாயிறு

கடை லீவு. முஹ்சின் மட்டும் இன்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் குந்தினேன்.

"அந்த வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும்."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "நான் தொழுதுட்டு வந்து கேட்டேன்லா, அப்பவா?"

"ஆமா."

கழற்றிய பிஸ்டனைத் துடைத்து முடித்து ஓரமாக வைத்தான். பிறகு: "என்கிட்ட எதுக்குச் சொல்லுத? இருளாண்டி அண்ணன்கிட்டப் போய்ச் சொல்லு. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிரும்."

16 செப்டம்பர்

சொன்னேன். அண்ணாச்சியிடமும்.

இருளாண்டி திட்டவில்லை. "பதினாலு பேரு ஏறி வந்தாகளே தம்பி" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

12 நவம்பர்

வேன் தயார். புது முகப்பு, வெறும் பிளாஸ்டிக். விளக்குகளை வைத்தது நான். ஒவ்வொன்றுக்கும் தனி வயர். ஒவ்வொன்றையும் நான்கு முறை சோதித்தேன்.

இருளாண்டி சாவியைத் திருப்பினார். ஆயில் எரிந்தது, இன்ஜின் பிடித்ததும் அணைந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அது மட்டும் எரிந்தது. விட்டார், அணைந்தது.

"முஹ்சின் பாத்தானா?"

"இல்லண்ணே. அவன் இப்ப திருத்தங்கல் கடையப் பாத்துக்கிடுதான்."

இன்ஜினை அணைத்தார். "வரட்டும். அவனும் ஒருக்கா பாத்துரட்டும்."

போன் செய்தேன். அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொன்னான். இருளாண்டி சீட்டிலிருந்து இறங்கவில்லை. நான் வேன் நிழலில் நின்றேன். முஹ்சின் வரும்வரை, முக்கால் மணி நேரம்.