இடப்பக்க உறை

ஜனவரி 15, 2024, திங்கள்

பொங்கல். பால்கனியில் பொங்கினால் கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்வார் என்று பிரபாலினி மின்னடுப்பிலேயே பொங்கி முடித்தாள்.

துப்பாக்கி அனுமதி அட்டை போன கிழமை வந்துவிட்டது. இரண்டு வருடம் கழகத்தில் ஒழுங்காகச் சுட்டு, சட்டப் பரீட்சை எழுதி, என் பழைய கதை எல்லாவற்றையும் பொலிசிடம் விசாரித்த பிறகு தந்திருக்கிறார்கள். நான் நம்பத்தகுந்தவன் என்று ஜேர்மன் அரசாங்கம் எழுத்தில் சொல்லிவிட்டது. வுப்பர்டால் தமிழ்ச் சனம் இன்னும் சொல்லவில்லை.

"துவக்கு வைக்கிற அந்த இரும்புப் பெட்டியைச் சாமித்தட்டுக்குக் கீழ வைக்க விடமாட்டன்," என்றாள் பிரபாலினி. "ஐம்பத்தாறு வயசில ஆமிக்கோ போறியள்?"

விளையாட்டு என்றேன்.

"விளையாட்டெண்டால் பட்மின்ரன் விளையாடுங்கோவன்."

அவளுக்கு விளக்கிக்கொண்டிருக்க ஏலாது. ஊரில் துப்பாக்கி வைத்திருந்த எல்லோரும் என்னைக் கேள்வி கேட்டவர்கள். எங்கே போகிறாய், யாருடைய ஆள், கையைத் தூக்கு. இங்கே சுடும் கூடத்தில் பல்வைத்தியருக்கும் எனக்கும் ஒரே மஞ்சள் கோடு. கடதாசி இலக்கு என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை.

ஏப்ரல் 20 சோதனை. இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடும் குழுவில் சேர்வதற்கு அதில் தேற வேண்டும். சொந்தத் துப்பாக்கியும் வேண்டும். தேறாவிட்டால் மேசைமேல் வைத்து எடுத்துச் சுடும் கிழவர்களோடு மிச்சக் காலமும் போய்விடும். வாழ்க்கையில் நானாக ஆசைப்பட்டுப் போன இடம் இது ஒன்றுதான். விடுவதாக இல்லை.

பெப்ரவரி 3, சனி

கழகத்துத் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்த்தேன். மனம் செக் நாட்டு உருக்குத் துப்பாக்கியில் நின்றுவிட்டது. பாரம், மினுக்கம், அடக்கமான விசை. அளவுக் கருவிகளோடு இருபத்தெட்டு வருடம் தொழிற்சாலையில் இருந்தவன் கைக்கு அது பேசுகிறது.

அதற்குள் அலோசியஸ் வந்துவிட்டான். "மச்சான், அது வேண்டாம். அந்த ஒஸ்ரியா பிளாஸ்ரிக்கை எடு. வெளியில பாதுகாப்புப் பூட்டு நெம்பு ஒண்டும் இல்லை. உறையில இருந்து எடுக்கேக்க யோசிக்க ஒண்டும் இருக்கப்படாது."

மச்சானாம்.

அலோசியஸ் மன்னார்க்காரன். தொண்ணூறில் அகதி விடுதியில் என்னோடு ஒரே அறையில் கிடந்தவன், ஒரே சட்டியில் சோறு தின்றவன். ஒரு பெற்றோரோடு கத்தினேன் என்று தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து என்னை இறக்க நிர்வாகக் கூட்டம் கூட்டினார்களே, அன்று முதலில் உயர்ந்த கை அவனுடையது. இப்போது இந்தக் கழகத்தில் அவன் பாதுகாப்புக் கண்காணிப்பாளன். எங்கே போனாலும் எனக்கு முன்னால் போய் நிற்பான்.

பிளாஸ்ரிக் நல்லதுதான். எனக்குத் தெரியும். அவன் சொல்லியிருக்கக் கூடாது.

பெப்ரவரி 17, சனி

உருக்குத் துப்பாக்கியால் படுமோசமாகச் சுட்டேன். எல்லாம் இடப்பக்கக் கீழ் மூலை.

மார்ச் 9, சனி

பயிற்சி தருபவர் திருமதி சீக்லர். எழுபது தாண்டிய முன்னாள் மருந்துக்கடைக்காரி. கண்ணாடிக்கு மேலால் பார்த்துக் கதைப்பார். இன்று என் இலக்குத் தாளை எடுத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் ஒரு சின்ன வட்டம் பிடித்து அதற்குள்ளால் தன் மூக்கைப் பார்க்கச் சொன்னார்.

"நீங்கள் இடது கண்ணால் பார்க்கிறீர்கள். பந்தை எந்தக் கையால் எறிவீர்கள்?"

வலது, என்றேன்.

பக்கத்தில் கிடந்த இறப்பர் பந்தை என் பக்கம் எறிந்தார். இடது கை பிடித்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. "அந்தச் செக் துப்பாக்கியின் பூட்டு நெம்பு வலக்கைக்காரரின் பெருவிரலுக்கு. உங்களுக்கு அது எப்போதும் எதிரிதான். நெம்பு இல்லாத எளிமையான ஒன்றை எடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அழுத்தம், ஒரே மாதிரி வேலை. உறையை இடப்பக்கம் போடுங்கள்."

அலோசியஸ் தூரத்தில் நின்று தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 10, ஞாயிறு

சிற்றம்பலம் மாஸ்டரை நினைத்துக்கொண்டே இருந்தேன். இடது கையில் பென்சிலைக் கண்டால் அடிமட்டத்தின் விளிம்பால் விரல் மொழியில் அடிப்பார். பிறகு கைலேஞ்சியால் அந்தக் கையை வாங்குக் காலோடு கட்டிவிடுவார். "கழுவிற கையால எழுதிறியோடா?" வகுப்பு முழுக்கச் சிரிக்கும். மாஸ்டர் செத்து நீண்ட காலம். சாவுச் செய்தி வந்தபோது நான் அனுதாபம் சொல்லவில்லை, இனியும் சொல்லப்போவதில்லை.

மகள் மிதுஷாவுக்கும் இடது கைதான். அவள் சின்னவளாக இருந்தபோது அந்தக் கையை மாற்ற வந்த எல்லோரோடும் சண்டை பிடித்தேன். இப்போது ஹாலே பல்கலைக்கழகத்தில் பழைய தமிழ்க் கடிதங்களைப் படித்து அந்தக் கையால்தான் குறிப்பெடுக்கிறாள். இன்று போனில் கதையைச் சொன்னேன். "அப்பா, உங்களுக்கு இடது கையெண்டு இவ்வளவு நாளும் எனக்கே தெரியாதே," என்றாள்.

மார்ச் 23, சனி

பிளாஸ்ரிக்கை வாங்கிவிட்டேன். கறுப்பு, அழகில்லாதது. இழுத்தால் சுடும், விட்டால் நிற்கும். இடப்பக்க உறை கடையில் இல்லை, சொல்லித்தான் எடுப்பிக்க வேண்டியிருந்தது. இடக்கைக்காரனுக்கு எல்லாம் பிந்தித்தான் வரும்.

அலோசியஸ் கண்டான். நல்லகாலம், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஏப்ரல் 13, சனி

இடது கைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. சட்டையை விலக்குகிறது, பிடியைத் தேடாமலே பிடிக்கிறது, எடுக்கிறது, நீட்டுகிறது. தாளின் நடுவில் ஒரு பிடி ஓட்டைகள். திருமதி சீக்லர் என் தோளில் தட்டினார். ஐம்பது வருடம் கட்டிவைத்த கை.

சித்திரைப் புதுவருடத்துக்குப் பிரபாலினி கோயிலுக்கு வரச் சொன்னாள். போகவில்லை. அங்கேயும் கை உயர்த்தியவர்கள் நிற்பார்கள்.

ஏப்ரல் 20, சனி

முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது. அவன்தான். அவனேதான்.

ஏப்ரல் 21, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை.

எல்லாப் பயிற்சியும் சரி. ஒரு பிழை இல்லை. கடைசியில் குண்டுக்கூட்டைக் கழற்றி, அறையைத் திறந்து காட்டி, வெறுமை என்று திருமதி சீக்லர் சொல்லியும் விட்டார். துப்பாக்கி என் இடது கையில் இருந்தது. "அதை ஒருதரம் தாருங்கள், விசையின் அழுத்தத்தைப் பார்க்கவேண்டும்," என்று பக்கத்தில் நின்றபடி கையை நீட்டினார்.

எழுபது தாண்டிய மனுசி. படிப்பிக்கிறவர். இடது கையால் எப்படிக் கொடுப்பது? நான் யோசிக்கவே இல்லை. உடம்பு தானாக வலது கைக்கு மாற்றியது, மரியாதையாக அவர் பக்கம் திரும்பியது. அந்தத் திரும்பலில் குழல்வாய் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றவர்களைத் தடவிக்கொண்டு போனது.

"ஸ்ரொப்!"

அலோசியஸ் கையை உயர்த்திக்கொண்டு நின்றான். குழல்வாய் பின்னால் திரும்பினால் அந்த இடத்திலேயே நீக்கம். விளக்கம் கேட்பதில்லை. அடுத்த சோதனை செப்ரெம்பரில்.

திருமதி சீக்லருக்கு நான் ஏன் மாற்றினேன் என்று விளங்கியிருக்காது. அந்தக் கூடத்தில் இருந்த எல்லோரிலும் ஒரே ஒருவனுக்கு மட்டும் விளங்கியிருக்கும். பெரியவர்களுக்கு இடது கையால் நீட்டக் கூடாது என்று அடிவாங்கி வளர்ந்தவன் அவனும்தானே. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெறும் துப்பாக்கி. குண்டு இல்லை. எல்லோரும் பார்த்தார்கள், குண்டு இல்லை.

மே 4, சனி

கழகத்துக்கு என் காது மூடியை எடுக்கத்தான் போனேன். கார் தரிப்பிடத்தில் நின்றான்.

"உனக்குத் தெரியும்தானே நான் ஏன் கை மாத்தினான் எண்டு," என்றேன். முகமன் இல்லை, ஒன்றுமில்லை.

"ஓம். தெரியும்."

"தெரிஞ்சும் நிப்பாட்டினாய்."

"தெரிஞ்சுதான் நிப்பாட்டினன்."

"பள்ளிக்கூடத்திலயும் முதல் கை உன்ரை. இஞ்சையும் உன்ரை. என்ரை தலையில கைவைக்கிறதுதான் உனக்கு வேலையோடா?"

அவன் சிகரெட்டைக் காலால் நசுக்கினான். "அண்டைக்கும் நீ சரியெண்டுதான் கத்தினாய் மச்சான். அந்தத் தாய் தேப்பனைப் பிள்ளைக்கு முன்னால வைச்சுக் கிழிச்சாய். பின்னால ஆர் நிக்கினம் எண்டு நீ ரெண்டு தரமும் பாக்கேல்லை. போன மாசம் பின்னால நிண்டது என்ரை பிறின்சி."

அவனுடைய மகள். தகப்பனை ஏற்றிப்போக வந்திருந்தாளாம்.

வெறும் துப்பாக்கி, என்றேன் திரும்பவும். காரில் ஏறிய பிறகு இன்னும் நாலு பதில் வந்தது. எல்லாம் நல்ல பதில்கள். காரை எடுத்துக்கொண்டு போனேன்.

ஜூன் 15, சனி

கழகத்தை விட்டுவிடலாம் என்று கடிதம் எழுதினேன். கிழித்தேன். அவனுக்கு அந்தச் சந்தோசத்தைக் கொடுப்பேனோ?

ஜூன் 22, சனி

கையைப் பழக்குகிறேன். வீட்டில் எதைக் கொடுத்தாலும் இடது கையால். தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினேன். பிரபாலினி பின்னால் தள்ளி நின்றாள்.

"என்ன இது, ஆரும் செத்துப்போச்சினமோ? வலக்கையால தாங்கோ."

"இதுதான் என்ரை கை."

என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். முப்பது வருடம் கலியாணம் கட்டியவளுக்கு இன்றுதான் சொல்கிறேன். வாங்கினாள். "சாமிக்குப் பூ மட்டும் இந்தக் கையால வையாதேங்கோ. மிச்சத்துக்கு நான் ஓம்."

செப்ரெம்பர் 21, சனி

தேறினேன். கடைசியில் திருமதி சீக்லர் வேண்டுமென்றே கையை நீட்டினார். குழல்வாய் இலக்குப் பக்கம், கால் அசையவில்லை, இடது கையாலேயே கொடுத்தேன். உடம்பு கூசியது.

அலோசியஸ் பெயரைப் பதிந்தான். "வாழ்த்துக்கள்," என்றான். ஜேர்மனில். நானும் ஜேர்மனில் நன்றி சொன்னேன். அந்த மொழியில் அது சுலபம்.

நவம்பர் 9, சனி

தேறியவர்கள் முறைவைத்துக் கண்காணிப்புக்கு உதவ வேண்டும். இன்று என் முறை. மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் முதல்தரம் வேலையாக நின்றேன். பக்கத்தில் அலோசியஸ்.

கோட்டில் புது ஆள் ஒருவர், வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவர், நல்ல சிரித்த முகம். சுட்டு முடித்து, வெறுமையாக்கிக் காட்டிவிட்டார். பிறகு எதையோ கேட்க நினைத்து, துப்பாக்கியும் கையுமாக எங்கள் பக்கம் அப்படியே திரும்பினார்.

ஒரு சின்னக் கறுத்த ஓட்டை. என் வயிற்றுக்கு நேரே வந்து நின்றது.

ஸ்ரொப் என்று கத்த வேண்டியவன் நான். கத்தியது திருமதி சீக்லர். மனுசன் பதறிப்போய்த் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு, "வெறும் துப்பாக்கி, வெறும் துப்பாக்கி, குண்டு இல்லை, நீங்களே பார்த்தீர்கள்தானே," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லிக்கொண்டே என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

அப்போதுதான் கவனித்தேன். என் இரண்டு கைகளும் தலைக்கு மேலே இருந்தன. விரல்கள் விரிந்து, உள்ளங்கை முன்னால் தெரிய, சோதனைச் சாவடியில் நின்ற மாதிரி. நான் தூக்கவில்லை. அவை தாமாகப் போயிருந்தன.

அலோசியஸ் சிரிக்கப்போகிறான் என்று நினைத்துத் திரும்பினேன்.

அவனுடைய கைகளும் மேலே இருந்தன.

யார் முதலில் இறக்குவது என்று தெரியாததுபோல இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். பிறகு அவன் இறக்கினான். நானும் இறக்கினேன். புது ஆளை நீக்கியதற்குச் சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். அவர் என்னோடு கோபித்துக்கொண்டு போனார். கோபிக்கட்டும்.

பள்ளிக்கூட விசயத்தை நான் மன்னிக்கவில்லை. அது வேறு.

வெளியே மழை. அலோசியஸ் பிளாஸ்கைத் திறந்து மூடியில் தேத்தண்ணி ஊற்றி நீட்டினான். "பிறின்சியிட்டைச் சொல்லு," என்றேன், "நான் கேட்டதாக."

"நீயே சொல்லு மச்சான். இப்ப ஏத்த வருவாள்."

மூடியை இடது கையால் வாங்கினேன்.