ஆளுக்கொரு பூட்டு

மாப்ளே,

என் மேசைமேல் ஒரு சிவப்புப் பூட்டு இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வெள்ளைக் காகிதம் ஒட்டி அதில் என் பேரை எழுதியிருக்கிறார்கள். சாவி ஒன்றே ஒன்றுதான். கடலுக்குள் கரண்டு எடுக்கிற காத்தாடி நடப்போகிற கம்பெனி, தூத்துக்குடிக் கூட்டத்துக்கு வந்த தொழிற்சங்கத்துக்காரர்களுக்கெல்லாம் மாதிரிக்கு ஒன்று என்று கொடுத்தனுப்பியது. போடிக்குத் திரும்பி நாலு நாள் ஆச்சு. பக்கத்து ஏலக்காய்க் கடையில் பெண்கள் காய் பிரித்துக்கொண்டே பேசுகிற சத்தம் சுவர் தாண்டி வருகிறது. நான் பூட்டுவதும் திறப்பதுமாக உட்கார்ந்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

நீ கேட்ட பூட்டுடா இது. தேவாரத்துப் பக்கக் காத்தாடிகளில் நாம் ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு ஏறிக்கொண்டிருந்த காலத்தில் வாரம் தவறாமல் கேட்டாய். "மேல ஏறுறவன் கீழ இருக்குற கரண்டுப் பொட்டியில தன் பூட்டைப் போட்டுட்டு ஏறணும். அவனே எறங்கி வந்து தன் சாவியால தொறக்குற வரைக்கும் எவனும் சுவிட்சைத் தொடக்கூடாது. ஆளுக்கொரு பூட்டு, ஆளுக்கொரு சாவி. இதுக்கு என்ன பெரிய படிப்பு வேணும்?" என்பாய். "ஆர்டர் போட்டிருக்கு, வந்துரும்" என்பார் ஒப்பந்தக்காரர். ஒரு கோடை போச்சு, ஒரு மழை போச்சு, பூட்டு வரவில்லை. நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய். இப்போது வந்திருக்கிறது, என் பேரோடு.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமலே மூன்று ஆடி கடத்திவிட்டேன். ஆனால் அதை மலையிலிருந்து தொடங்கினால்தான் சரியாக வரும்.

காத்தாடிக்கு வருவதற்கு முன்னால் நாம் ஏலக்காட்டு ஆட்கள். விடிகிற நேரத்தில் போடியில் ஜீப்பில் அடைந்துகொண்டு மேலே போனால், தோட்டத்து வாசலில் பெரட்டு நடக்கும். கங்காணி நோட்டைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராத பேருக்கு அன்றைக்கு வேலை கிடையாது. ஒருத்தனுக்கு ஜீப்பு தவறிப்போய் அடுத்த ஜீப்பில் வருகிறான் என்றால், வந்து நிற்கிறவன் அவனுக்கும் சேர்த்துக் குரல் கொடுத்துவிடுவான். அதைப் பொய் என்று நம்மில் யாருமே நினைத்ததில்லை. இன்னைக்கு நான் உனக்கு, நாளைக்கு நீ எனக்கு. அவ்வளவுதான்.

நீயும் நானும் ஒருபடி மேலே போய் ஒருவர் குரலை ஒருவர் பழகிக்கொண்டோம். உன் குரல் கட்டையாக, கடைசியில் இழுத்து, "இருக்கே...ன்" என்று வரும். என்னமோ இருப்பதே உனக்குச் சலிப்பு என்கிற மாதிரி. என் குரலை நீ மூக்கால் சொல்லிக்காட்டுவாய். எனக்கு மூக்கில் பேச்சு என்று உனக்கு அப்படி ஒரு நினைப்பு.

ஒருநாள் மேலே பத்தடி தள்ளி ஆள் தெரியாத பனி. நீ வரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். நான் வரவில்லை என்று நீ. என் பேருக்கு இரண்டு குரல், உன் பேருக்கு இரண்டு குரல். மலையாளத்துக் கங்காணி நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, "எடா, நிங்ஙள் ரண்டாளோ நாலாளோ?" என்று கேட்டார். பெரட்டே சிரித்தது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாய். அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது.

காத்தாடி வேலைக்கு அந்தப் பெரட்டைக் கொண்டுவந்தவனும் நீதான். சங்கம் தொடங்கின முதல் கூட்டத்திலேயே சொன்னாய். ஏறும்போது பேர் கூப்பிட வேண்டும், இறங்கினபின் பேர் கூப்பிட வேண்டும், எல்லாக் குரலும் வந்த பிறகுதான் காத்தாடியை ஓடவிட வேண்டும். ஒரு நோட்டு, ஒரு பேனா என்பதால் ஒப்பந்தக்காரர் உடனே சரி என்றுவிட்டார். "பூட்டு வர்ற வரைக்கும் கொரலாவது இருக்கட்டும்டா" என்றாய் என்னிடம். அதை நினைத்து நினைத்து நான் படுகிற பாடு உனக்குத் தெரியாது.

கடலுக்குள் காத்தாடி வரப்போகிறது என்ற பேச்சு வந்ததும் அப்போதுதான். நமக்கென்ன கடலோடு சோலி என்று நாங்கள் சிரித்தோம். நீ மட்டும் ஒரு பிட் நோட்டீசின் பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்துவிட்டாய். கம்பெனியே நேரடியாக ஆள் எடுக்க வேண்டும், நடுவில் ஒப்பந்தக்காரர் கூடாது. பழைய காத்தாடி ஆட்களுக்கும் கரையோரத்துப் பிள்ளைகளுக்கும்தான் முதல் வேலை. எல்லோரும் ஏறின பிறகுதான் படகு கிளம்ப வேண்டும். கடைசியில் பெரிய எழுத்தில், ஆளுக்கொரு பூட்டு. "இப்பவே எழுதி வாங்கலேன்னா அங்கயும் இதே கூலி, இதே ஒப்பந்தக்காரன்தான். நடுக்கடல்ல நின்னுக்கிட்டு யார்கிட்ட நியாயம் கேப்பே?" என்றாய்.

கடலையே பார்க்காதவன் நீ. குரங்கணிக்குப் போய்க் கொட்டக்குடி ஆற்றில் நீச்சல் பழகுகிறேன் என்று கிளம்பினாயே! "மொழங்கால் தண்ணியில நீச்சலடிக்கிறவனை இப்பத்தான்டா பாக்குறேன்" என்றேன். "சிரி, நல்லாச் சிரி. ஒருநாள் கடல் காத்தாடி மேல நின்னு ஒனக்குப் போன் போடுறேன், எடுக்காமப் போயிராதே" என்றாய். ஈரத் துண்டை என்மேல் வீசினாய்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

ஆடிக் காத்து. நிறுத்திவைக்கிற ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம் என்று சூப்பர்வைசர் கீழேயிருந்து கத்திக்கொண்டே இருந்தார். "வெரசா எறங்குங்கப்பா, காத்து சும்மா போகுது!" வேலை முடிந்து நாம் ஒன்றாகத்தான் இறங்கினோம். நீ தலைத்துண்டை அவிழ்த்து ஜீப்பின் மேல் போட்டாய். நான் ஜீப்புக்கு அந்தப் பக்க நிழலில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தேன். நீ எப்போது மறுபடி ஏறினாய், எதற்கு ஏறினாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஸ்பேனர் உன் பக்கத்தில் கிடந்தது என்றார்கள். ஒரு போல்ட்டை முறுக்கினோமா இல்லையா என்று சந்தேகம் வந்திருக்கும். உனக்கு அப்படி வரும். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏறியிருக்கலாமே, பாவி.

சாப்பிட்டு முடிக்கிறதுக்குள் பேர் கூப்பிட்டார்கள். என் பேருக்குச் சொன்னேன். பிறகு உன் பேர் வந்தது. குரல் வரவில்லை. துண்டு ஜீப்பின் மேல் கிடந்தது. எங்கேயாவது ஒதுங்கப் போயிருப்பாய். அப்படிக்கூட நான் நினைக்கவில்லை, மாப்ளே. பழக்கம். வாயில் சோறோடு, உன் குரலில், இழுத்துச் சொன்னேன். சூப்பர்வைசர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. டிக் போட்டார். கரண்டுப் பெட்டிக்குப் போனார். மேலே இறக்கை அசைந்தது.

அதற்குமேல் அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

பேர் கூப்பிட்டபோது ஆஜர் சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியாமல் மறுபடி ஏறியிருக்கிறார், தவறு இறந்தவருடையதே என்று எழுதிவிட்டார்கள். நோட்டில் உன் பேருக்கு நேரே டிக் இருக்கிறதே! விசாரிக்க வந்தவர்கள் என்னிடமும் கேட்டார்கள். "ஆமா, கொரல் வந்துச்சு" என்றேன். சங்கத்துக்குக் கெட்ட பேர் வந்துவிடும் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். சாக்குதான். பயந்தேன். வேறொன்றும் இல்லை.

உன் காரியத்தன்று சிலமலையில் உன் பெண்டாட்டி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், என்னைப் பார்த்துக் கேட்டாள். "கீழ எறங்கி, இருக்கேன்னும் சொல்லிட்டு, மறுபடி ஏன்ணே ஏறுனாரு? என்னையப் பத்தி ஒரு நெனப்பு வந்திருந்தா ஏறுவாரா?" தெரியலம்மா என்றேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் பலகாரத்தோடு போவேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி அதையே கேட்பாள். நீ இல்லை என்ற துக்கத்தைவிட, நீயாகப் போய் மாட்டிக்கொண்டாய் என்ற கோபம்தான் அவளுக்குள் பெரிசாக இருந்தது. நான் காப்பியைக் குடித்துவிட்டு பஸ்சுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிடுவேன். இப்படி ஒரு நண்பன் உனக்கு.

தூத்துக்குடிக் கூட்டத்துக்கு உன் நோட்டீசைத்தான் கொண்டுபோனேன். மடிப்பில் கிழிந்திருந்த இடத்தில் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். துறைமுகத்து ஆட்கள், மீன்பிடிக்கிறவர்கள், நம்மைப் போலக் காத்தாடி ஆட்கள் என்று கூடம் நிறைய ஜனம். வலை போடுகிற இடத்தில் தூணை நட்டால் எங்கே போவோம் என்று மீனவர் ஒருவர் கேட்டபோது கம்பெனி அதிகாரிகள் தண்ணீர் குடித்தார்கள். நான் உன் பட்டியலை வரிசையாக வாசித்தேன். பூட்டு என்ற வரி வந்ததும் அதிகாரிகளில் ஒருவர் சிரித்தபடி சொன்னார். "பூட்டெல்லாம் தரலாம். ஆளுங்களும் ஒழுங்கா இருக்கணுமில்ல? தேனிப் பக்கம் ஒருத்தர் ஆஜர் சொல்லிட்டு அப்புறம் தானாப் போய் ஏறினாரே, அதுக்கு எந்தப் பூட்டு போடுறது?"

கூடத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள், மாப்ளே. உன் கையெழுத்து என் கையில் இருந்தது.

"ஆஜர் சொன்னது அவன் இல்ல. நான்" என்றேன்.

மைக் கையில் இருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மலைப் பெரட்டு, குரல், துண்டு, தூக்குவாளி. பூட்டு இருந்திருந்தால் நீ அதைப் போட்டுவிட்டுத்தான் மறுபடி ஏறியிருப்பாய், என் வாய் என்ன சொல்லியிருந்தாலும் இறக்கை அசைந்திருக்காது என்றும் சொன்னேன். உட்கார்ந்தபோது பக்கத்து நாற்காலிக்காரர் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

பூட்டுக்கு அன்றைக்கே ஒப்புக்கொண்டார்கள். நேரடி வேலைக்குப் பரிசீலிக்கிறோம் என்றார்கள். அந்த வார்த்தை உனக்கும் தெரிந்ததுதான். நம்ம பழைய ஒப்பந்தக்காரர் கடல் வேலைக்கு என்று போடியில் ஆள் பேர் எழுத ஆரம்பித்துவிட்டார் என்று கேள்வி. சங்கத்தில் என்னைப் பேச்சுவார்த்தைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். "தொழிலாளி தப்புதான்னு அவனுக கையில எழுதிக் குடுத்துட்டு வந்துட்டியேப்பா" என்றார் தலைவர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

கிளம்புவதற்கு முன்னால் கடலைப் போய்ப் பார்த்தேன், உனக்காக. அங்கே இன்னும் ஒன்றும் இல்லை. தண்ணீர்தான் இருக்கிறது.

நேற்று சிலமலைக்குப் போனேன். வேறு யாராவது சொல்லி அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. தங்கச்சி காட்டு வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே, காப்பி போடுறேன்" என்றாள். வேண்டாம்மா என்று வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அவள் செம்பைக் கீழே வைத்தாள். அழவில்லை, ஏசவில்லை. "அப்ப அவரு சொல்லலையா?" என்றாள்.

"சொல்லலம்மா. அவன் மேல இருந்தான். கீழ பேர் கூப்பிட்டதே அவனுக்குத் தெரிஞ்சிருக்காது."

"மூணு வருசமா அவரைப் போட்டு வையிறேனேண்ணே. போட்டோவுக்கு முன்னாடி நின்னு வையிறேனே."

எனக்குத் தலை நிமிரவில்லை. அவள் படியில் உட்கார்ந்தாள்.

"எப்படிச் சொன்னீங்க?" என்றாள்.

"என்னதும்மா?"

"அவரு கொரல்ல சொன்னேன்னீங்களே. அதைச் சொல்லுங்க."

"வேணாம் தங்கச்சி."

"சொல்லுங்கண்ணே."

சொன்னேன். கட்டையாக, கடைசியில் இழுத்து. "இருக்கே...ன்."

அவள் கண்ணை மூடியிருந்தாள். "இன்னொரு தடவை" என்றாள். இன்னொரு தடவை சொன்னேன். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "போயிட்டு வாங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரலண்ணே" என்றாள். "போங்க."

வந்துவிட்டேன்.

பூட்டில் என் பேரைக் கிழித்துவிட்டு உன் பேரை எழுதலாமா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். எழுத மாட்டேன். உன் பேருக்கு நான் ஒருதடவை பதில் சொன்னது போதும். உன் நோட்டீசை மட்டும் சங்கத்தில் கொடுத்துவிட்டேன். குழுவில் நான் இல்லாவிட்டாலும் உன் பட்டியல் போகட்டும். உன் குரல் என் தொண்டையில்தான் இருக்கிறது, மாப்ளே. உலகத்தில் அது வேறெங்கும் இல்லை. இனி அதை யாருக்காகவும் எடுக்க மாட்டேன், அவள் கூப்பிட்டுக் கேட்டால் தவிர. அவள் கூப்பிட மாட்டாள்.